யூனுஸின் கடைசி எழுத்து எங்கிருந்து வந்தது?

வீட்டில் அரபு முஸ்ஹஃப், அதாவது குர்ஆன் பிரதி, இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். அல்பகரா சூராவின் (அத்தியாயத்தின்) 124ஆம் வசனத்தில் இப்ராஹீம் நபியின் பெயர் வருகிறது. அதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: அலிஃப், பா, ரா, ஹா, மீம். ஹாவுக்கும் மீமுக்கும் நடுவில் வர வேண்டிய 'யா' இருக்காது. 'ஹீ' என்று நீட்டி ஓதுவதற்காக ஒரு சிறு குறியை மட்டும் போட்டிருப்பார்கள். அப்புறம் ஆலு இம்ரான் சூராவின் 33ஆம் வசனத்துக்குப் போங்கள். அதே பெயர்தான், ஆனால் அங்கே 'யா' முழு எழுத்தாக உட்கார்ந்திருக்கும். அல்பகராவில் இந்தப் பெயர் வரும் 15 இடங்களிலும் 'யா' கிடையாது. மற்ற சூராக்களில் உண்டு.

இது அச்சுப் பிழை இல்லை. பழைய கையெழுத்துப் படிகளிலிருந்தே இந்த வித்தியாசம் தொடர்ந்து வருகிறது. ஓதும் முறைகளிலும் இதன் தடம் உண்டு. டமாஸ்கஸைச் சேர்ந்த இப்னு ஆமிர் என்ற ஓதல் ஆசான் 8ஆம் நூற்றாண்டில் மறைந்தவர். அவருடைய ஓதலை ஹிஷாம் என்பவர் வழியாகப் பெற்றவர்கள் 33 இடங்களில் இப்பெயரை 'இப்ராஹாம்' என்றே ஓதுகிறார்கள். எபிரேயத்தின் 'அவ்ராஹாம்', அரமேயத்தின் கிளைமொழியான சிரியாக்கின் 'அப்ராஹாம்' இரண்டுக்கும் பக்கத்தில் நிற்கும் உச்சரிப்பு. சரி, அப்படியானால் 'ஹீ' எப்படி வந்தது? இஸ்மாயீல், இஸ்ராயீல் என்ற பெயர்களின் ஓசைக்கு இசைவாக இதுவும் மாறியிருக்கலாம் என்பது மேற்கத்திய ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். அரபுக் காதுக்கு இரட்டைப் பெயர்கள் ஒரே தாளத்தில் விழுவது பிடிக்கும்: தாலூத்–ஜாலூத், ஹாரூத்–மாரூத், யஃஜூஜ்–மஃஜூஜ்.

ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பேச முடிகிறது. குர்ஆனில் வரும் பெயர்களைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிட்டத்தட்ட 200 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வும் இப்படிப்பட்டதுதான். நம் ஊரில் அதைப் பற்றி இரண்டே விதமாகப் பேசுகிறார்கள். 'குர்ஆன் பைபிளிலிருந்து எடுத்தது என்று வெள்ளைக்காரனே நிரூபித்துவிட்டான்' என்பார் ஒருவர். 'எல்லாம் கீழைத்தேயவாதிகளின் சூழ்ச்சி' என்பார் இன்னொருவர். உண்மையில் அந்தப் பேராசிரியர்கள் தங்களுக்குள்ளேயே ஓயாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். முந்தைய தலைமுறை கேட்ட கேள்வியையே அடுத்த தலைமுறை தூக்கிப் போட்டிருக்கிறது.

தொடக்கத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. 1833இல் ஆபிரகாம் கைகர் என்ற 23 வயது யூத இளைஞர், பான் பல்கலைக்கழகம் வைத்த கட்டுரைப் போட்டிக்காகத் தான் எழுதியதை நூலாக வெளியிட்டார். 'முகம்மது யூத மதத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டார்?' என்பது தலைப்பு. தலைப்பிலேயே முடிவு இருக்கிறது. என்றாலும் அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் நபியை ஏமாற்றுக்காரர் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, நேர்மையாக நம்பிப் பேசியவர் என்று எழுதியவர் கைகர். இந்த நூலுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1898இல் அச்சானது வேப்பேரியில், எஸ்.பி.சி.கே. மிஷன் அச்சகத்தில். முஸ்லிம்களோடு விவாதிக்கும் பாதிரிமாருக்குப் பயன்படட்டும் என்பது மொழிபெயர்ப்பின் நோக்கம். ஜெர்மனியில் ஆராய்ச்சியாகப் பிறந்த நூல் வேப்பேரிக்கு வரும்போது வாதக் கருவியாகிவிட்டது.

அடுத்த பெரிய பெயர் யோசப் ஹோரோவிட்ஸ். இவரும் ஜெர்மானிய யூதர். 1907 முதல் 1914 வரை அலிகரில், பின்னாளில் முஸ்லிம் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியில், அரபு கற்பித்தவர். இந்திய அரசுக்காக இஸ்லாமியக் கல்வெட்டுகளையும் பதிப்பித்தார். பிறகு பிராங்க்ஃபர்ட் போய், 1925இலும் 1926இலும் குர்ஆனின் பெயர்களைப் பற்றி எழுதியவை இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. இவருக்குப் பின் ஆர்தர் ஜெஃப்ரி. குர்ஆனில் உள்ள பிறமொழிச் சொற்களைப் பற்றிய இவருடைய அகராதி 1938இல் வெளியானது, அதுவும் பரோடாவில். இந்தத் துறையின் கதையில் பாதி இந்திய அச்சகங்களிலும் வகுப்பறைகளிலும் நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஹோரோவிட்ஸ் தலைமுறை செய்த நல்ல காரியம், 'யாரிடமிருந்து எடுத்தது' என்பதைவிட 'எந்த வழியாக வந்தது' என்று கேட்டது. இது நமக்கு எளிதில் புரியும். சூசை, யோசேப்பு, ஜோசப், யூசுப் நாலும் ஒரே பெயர். சூசை என்றால் போர்த்துகீசியர் வழி, ஜோசப் என்றால் ஆங்கிலேயர் வழி, யூசுப் என்றால் அரபு வழி. பெயரைக் கேட்டதுமே அந்தக் குடும்பத்தின் முன்னோர் எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குர்ஆனின் பெயர்களையும் இப்படித்தான் பார்த்தார்கள். எபிரேயத்தில் 'யோனா'. அரபில் 'யூனுஸ்'. கடைசி 'ஸ்' எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ஆண்பாற் பெயர்களுக்கு எழுவாயாக வரும்போது ஒட்டும் விகுதி அது: 'யோனாஸ்'. அதேபோல எபிரேயத்தின் 'எலியாஹூ' கிரேக்கத்தில் 'எலியாஸ்' ஆகி, அரபில் 'இல்யாஸ்' ஆகியிருக்கிறது. எபிரேயத்தில் 'ஷ்லோமோ', 'பர்ஓ' என்று உயிரெழுத்தில் முடியும் பெயர்கள் சிரியாக்கில் 'ஷ்லேமூன்', 'ஃபெர்ஊன்' என்று 'ன்' பெற்று, அரபில் சுலைமான், ஃபிர்அவ்ன் என்று நிற்கின்றன. தமிழ் பைபிளின் சாலொமோனுக்கும் கடைசி 'ன்' கிரேக்கத்தின் வழியாக வந்ததே. ஆக, இந்தப் பெயர்கள் எபிரேய ஏட்டிலிருந்து நேராக இறங்கியவை அல்ல. கிரேக்கமும் சிரியாக்கும் பேசிய கிறிஸ்தவர்களின் வாயில் பல நூற்றாண்டு உருண்டு, அரபியரின் பேச்சுக்குள் வந்து சேர்ந்தவை. யூத மதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கைகரின் படம் இதனால் கொஞ்சம் ஆடிப்போனது.

இதெல்லாம் மேற்கில்தான் முதலில் தெரிந்தது என்று நினைக்க வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்ஜவாலீகீ, அரபுக்குள் வந்த பிறமொழிச் சொற்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மது ஆகிய நான்கைத் தவிர நபிமார்களின் பெயர்கள் எல்லாம் அரபல்லாதவை என்பது அவர் கூற்று. அரபு இலக்கணமே இதற்குச் சாட்சி. பிறமொழிப் பெயர்கள் பொதுவாகத் தன்வீன் (சொல்லின் கடைசியில் சேரும் 'ன்' ஒலி) ஏற்பதில்லை. 'இத்ரீஸ்' என்ற பெயர் 'தர்ஸ்', அதாவது பாடம், என்ற அரபு வேரிலிருந்து வந்தது என்று சிலர் சொன்னபோது, குர்ஆன் உரையாசிரியரான ஸமக்‌ஷரீ இந்த விதியைக் காட்டித்தான் மறுத்தார்: அரபு வேராக இருந்தால் தன்வீன் ஏற்றிருக்குமே!

இத்ரீஸ் விஷயத்தில் மேற்கத்தியர்கள் அடித்த கூத்து தனி. 'எஸ்ரா'வின் கிரேக்க வடிவமான 'எஸ்த்ராஸ்' என்றார் ஒருவர். இயேசுவின் சீடர் 'அந்திரேயா' என்றார் ஜெர்மானிய அறிஞர் நோல்டெக்கே. அதே அந்திரேயாதான், ஆனால் சீடர் அல்ல, அலெக்சாண்டர் கதையில் வரும் சமையல்காரர் என்றார் மற்றொருவர். இப்ராஹீமின் தந்தை 'ஆஸர்' என்று குர்ஆன் 6:74 சொல்வதும் இப்படியே. பைபிளில் அவர் பெயர் தேராகு. ஆபிரகாமின் வேலைக்காரர் எலியேசரின் பெயர், 'எல்' என்பதை அரபு முன்னொட்டு 'அல்' என்று எண்ணிக் கழித்துவிட்டதால் 'ஆஸர்' ஆகித் தந்தைக்குப் போய்விட்டது என்பது ஒரு கணிப்பு. முஃபஸ்ஸிர்களிடையிலும், அதாவது குர்ஆன் உரையாசிரியர்களிடையிலும், ஆஸர் பட்டப்பெயர், சிலையின் பெயர், சிற்றப்பா பெயர் என்று பல கருத்துகள் உண்டு. எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் எந்தப் பெயரையும் எந்தப் பெயராகவும் ஆக்கிவிடலாம். வழி தெரியாமல் ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பிச் சொல்லும் எதையும் நான் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அந்தச் சந்தேகம் மிகவும் தேவைப்படும் பெயர் ஹாமான். குர்ஆனில் ஆறு இடங்களில் வருகிறார். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் (பார்வோனின்) ஆள். 'களிமண்ணைச் சுட்டு எனக்கு ஓர் உயர்ந்த மாளிகை கட்டு, மூஸாவின் கடவுளை நான் எட்டிப் பார்க்க வேண்டும்' என்று ஃபிர்அவ்ன் உத்தரவிடுவது இவரிடம்தான் (28:38). பைபிளிலோ ஆமான், எஸ்தர் நூலில் வரும் பாரசீக அமைச்சர்; யூதர்களைக் கூண்டோடு ஒழிக்கத் திட்டம் போட்டவர். இரண்டுக்கும் நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. 1698இல் குர்ஆனை லத்தீனில் மொழிபெயர்த்த மராச்சி என்ற இத்தாலியப் பாதிரியார் இதைப் பெரிய குழப்பம் என்று எள்ளினார். பின்னால் வந்தவர்கள் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

இதற்கு எதிர்ப்பாட்டாக 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் புக்காய் ஒன்றைக் கிளப்பினார். வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் எகிப்தியக் கல்வெட்டில் 'ஹாமான்' என்ற கல்குவாரி மேற்பார்வையாளர் பெயர் இருக்கிறது என்றார். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த எகிப்தியப் பெயர் தொடங்கும் ஒலி அரபின் 'ح'வுக்கு இணையானது. குர்ஆனின் ஹாமான் தொடங்குவது 'ه'வில். தமிழில் இரண்டையும் 'ஹ' என்றே எழுதிவிடுகிறோம், அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அரபியருக்கு அவை இரண்டு வேறு எழுத்துகள். பைபிள் பக்கம் நின்று எள்ளியவரும் சரி, குர்ஆன் பக்கம் நின்று காப்பாற்ற வந்தவரும் சரி, ஒரே தவறைத்தான் செய்தார்கள். ஹாமான் என்றால் ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஆள், அவருடைய பணிப்பதிவேட்டைக் கண்டுபிடித்தால் வழக்கு முடிந்தது என்று எண்ணிவிட்டார்கள்.

ஆடம் சில்வர்ஸ்டீன் என்ற ஆய்வாளர் இந்த வழக்கை வேறு மாதிரி நடத்தினார். முதலில், எஸ்தர் நூலே வரலாற்றுப் பதிவா என்று மேற்கத்திய பைபிள் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் சந்தேகப்படுகிறார்கள். அப்படியிருக்க, அதை அளவுகோலாக வைத்து இன்னொரு நூலை 'வரலாற்றுத் தவறு' என்பது எப்படி? இரண்டாவது, ஹாமான் என்ற பெயர் அந்தப் பக்கத்து மக்களிடம் ஊர் ஊராகத் திரிந்த கெட்ட அமைச்சரின் பெயர். அகிக்கார் என்ற அசீரிய அமைச்சரைப் பற்றி ஒரு பழைய அரமேயக் கதை உண்டு. அதில் எகிப்து மன்னன், வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் மாளிகை கட்ட ஆள் அனுப்பு என்று அசீரிய மன்னனுக்குச் சவால் விடுகிறான். அந்த அகிக்காருக்குத் துரோகம் செய்யும் மருமகனின் பெயர், தோபித்து என்ற பழைய யூத நூலின் சில கிரேக்கப் படிகளில் 'அமான்' என்று இருக்கிறது! எகிப்து மன்னன், வானளாவிய கட்டடம், அமான்: மூன்றும் குர்ஆனுக்கு வெகுகாலம் முன்பே ஒரே கதைக்கூட்டத்தில் இருந்திருக்கின்றன. யூத மரபிலும் கோராகையும் ஆமானையும் செல்வத்தால் அழிந்த இருவராக ஜோடி சேர்த்துச் சொல்லும் பேச்சு உண்டு. குர்ஆன் 29:39இல் காரூன் (பைபிளின் கோராகு), ஃபிர்அவ்ன், ஹாமான் என்று மூன்று பெயரும் ஒரே மூச்சில் வருவதை இந்த வெளிச்சத்தில் படித்தால், மூன்று ஆணவக்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறது வசனம் என்பது தெரியும். பெயர் அங்கே ஆளை மட்டும் சுட்டவில்லை; ஒரு குணத்தையும் சுட்டுகிறது.

மர்யம் விஷயத்திலும் இதே திருப்பம்தான், ஆனால் இன்னும் நுணுக்கமானது. 19:28இல் ஈஸாவின் (இயேசுவின்) தாயை மக்கள் 'ஹாரூனின் சகோதரியே' என்று அழைக்கிறார்கள். 66:12இல் அவர் 'இம்ரானின் மகள்'. பைபிளிலும் அம்ராமின் மகளாக, ஆரோனின் சகோதரியாக ஒருவர் உண்டு: மோசேயின் அக்கா மிரியாம். 1,000 ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை நபி கவனிக்கவில்லை என்று பழைய மேற்கத்திய நூல்கள் சட்டென்று எழுதிவிட்டன.

இந்தக் கேள்வி அவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. நபித்தோழர் முகீரா இப்னு ஷுஃபா தெற்கு அரேபியாவின் நஜ்ரானுக்குப் போனபோது அங்குள்ள கிறிஸ்தவர்கள் இதையே கேட்டு அவரை மடக்கினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் சொல்கிறது. திரும்பி வந்து நபியிடம் கேட்டபோது, அந்த மக்கள் தங்களுக்கு முன்னிருந்த நபிமார், நல்லடியார்களின் பெயர்களை வைத்துக்கொள்வார்கள் என்று பதில் கிடைத்தது. அரபில் 'சகோதரர்' என்ற சொல்லுக்கும் வீச்சு அதிகம். குர்ஆனே ஹூத் நபியை ஆது கூட்டத்தின் 'சகோதரர்' என்கிறது.

தமிழ் பைபிளில் மோசேயின் அக்கா மிரியாம், இயேசுவின் தாய் மரியாள். இரண்டு பெயர், இரண்டு ஆள், குழப்பத்துக்கே இடமில்லை. சிரியாக்கில் அப்படி இல்லை. அங்கே இருவருமே 'மர்யம்'. அந்த மொழியில் பிரசங்கம் கேட்ட ஒருவருக்குப் பழைய ஏற்பாட்டு மர்யமும் புதிய ஏற்பாட்டு மர்யமும் ஒருவருக்கொருவர் நிழலாகத் தெரிவது இயல்பு. 4ஆம் நூற்றாண்டிலேயே நிசாவின் கிரிகோரி போன்ற திருச்சபைத் தந்தையர் மிரியாமைக் கன்னி மரியாளின் முன்னுருவாகக் காட்டினார்கள். பெர்லினில் ஆஞ்செலிக்கா நோய்விர்ட்டும் அவருடைய வட்டத்தைச் சேர்ந்த மிஷாயேல் மார்க்ஸும், சுலைமான் முராத் போன்றவர்களும் 'ஹாரூனின் சகோதரி' என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கிறார்கள். ஹாரூன் ஆசாரியர் குலத்தின் தலைவர், ஆலயத்தின் அடையாளம். மர்யமோ ஆலயத்தில் வளர்ந்தவர். அவரை ஹாரூனோடு சேர்த்து அழைப்பது வம்சாவளிப் பட்டியல் போடுவதற்கு அல்ல, ஒரு மரபோடு கோப்பதற்கு. எனக்கு இந்த வாசிப்பு, 'குழப்பம்' என்ற பழைய ஒற்றைச் சொல்லைவிடப் பல மடங்கு பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. எது வந்தாலும் 'இது உருவகம்' என்று சொல்லித் தப்பிக்கும் வசதி ஆய்வாளருக்குக் கிடைத்துவிடுகிறது.

பெயரா, பெயரடையா என்ற சண்டையும் உண்டு. 61:6இல் ஈஸா, தனக்குப் பின் வரும் தூதரின் பெயர் 'அஹ்மத்' என்கிறார். ஸ்காட்லாந்துக்காரர் மாண்ட்காமரி வாட் 1953இல் பழைய முஸ்லிம்களின் பெயர்ப் பட்டியல்களைத் துழாவிப் பார்த்தார். முஹம்மது என்ற பெயர் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஹிஜ்ரி 125 வாக்கு வரைக்கும் பிள்ளைகளுக்கு அஹ்மத் என்று பெயர் வைத்ததாகத் தெரியவில்லை என்றார். அப்படியானால் அந்தச் சொல்லை முதலில் 'மிகவும் புகழுக்குரியவர்' என்ற அடைமொழியாகவே படித்திருக்கலாம் என்பது அவர் வாதம். இதை இன்னும் இழுத்து, 'முஹம்மது' என்பதே ஆளின் பெயரல்ல, இயேசுவுக்கான பட்டம் என்று ஜெர்மனியில் ஒரு சிறு குழு எழுதியது. பெரும்பாலான மேற்கத்திய ஆய்வாளர்களே இதை ஏற்கவில்லை. காரணம் எளிது: நபி மறைந்து பத்தாண்டுகள் ஆவதற்குள், சுமார் 640இல், தோமா என்ற சிரியாக் பாதிரியார் எழுதிய குறிப்பில் 634இல் காஸா அருகே 'முஹம்மதின் அரபியர்' போரிட்டது பதிவாகியிருக்கிறது.

கடைசியாக, எல்லாப் பெயர்களிலும் அதிகம் தலையைச் சொறிய வைத்த பெயர்: ஈஸா. அரபுக் கிறிஸ்தவர்கள் இயேசுவை 'யஸூஃ' என்பார்கள்: யா, சீன், வாவ், ஐன். குர்ஆனில் 'ஈஸா': ஐன், யா, சீன், கடைசியில் இன்னொரு யா வடிவம். தொண்டையின் அடியிலிருந்து வரும் ஐன் அங்கே வாலில் இருக்கிறது, இங்கே தலையில். கண்ணாடியில் பார்த்த மாதிரி. இதற்கு 19ஆம் நூற்றாண்டில் சொன்ன விளக்கம் ஒன்று ரொம்ப மட்டமானது: யூதர்கள் இயேசுவைக் கேலியாக 'ஏசா' (பைபிளில் யாக்கோபின் அண்ணன்) என்று கூப்பிட்டார்களாம், அதை நபி அப்படியே நம்பிவிட்டாராம். யூதர்கள் அப்படிக் கூப்பிட்டதற்கு ஒரு சான்றும் இல்லை. கிழக்குச் சிரியாக்கில் 'ஈஷோ' என்று சொல்வதிலிருந்து வந்து, பக்கத்திலேயே அடிக்கடி வரும் மூஸாவின் தாளத்துக்குள் விழுந்தது என்பது அடுத்த விளக்கம். இது ஓசைக்குச் சரி. ஐன் ஏன் தலைக்கு ஏறியது என்பதற்குப் போதாது.

இவ்வளவு காலம் எல்லாரும் ஏடுகளையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு ஒரு துப்பு பாறையிலிருந்து வந்தது. ஜோர்தானின் வடகிழக்கில் கருங்கல் பாலைவனம் இருக்கிறது. ஆடுமாடு, ஒட்டகம் மேய்த்துத் திரிந்த நாடோடிகள் அங்குள்ள கற்களில் பல்லாயிரக்கணக்கில் கீறி வைத்திருக்கிறார்கள்: நான் இன்னாரின் மகன், இங்கே தங்கினேன், இன்னாரை நினைத்து அழுதேன், கடவுளே காப்பாற்று. ஸஃபாயித்திக் எழுத்து என்று பெயர். உயிர்க்குறிகள் கிடையாது, மெய்கள் மட்டும். வாதி அல்குதரி என்ற இடத்தில் கிடைத்த அப்படி ஒரு கீறலை அஹ்மத் அல்ஜல்லாதும் அலீ அல்மனாஸிரும் 2021இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். வழக்கமாக அங்கே அழைக்கப்படும் தெய்வங்களின் பெயர் அதில் இல்லை. அழைக்கப்படுபவரின் பெயர் ஐன், சீன், யா. வேண்டுதல்: உன்னை மறுப்பவர்களிடமிருந்து இவனுக்கு உதவு. 'உதவு' என்பதற்கு 'நஸ்ர்', 'மறுப்பவர்' என்பதற்கு 'குஃப்ர்'. குர்ஆன் ஓதும் எவருக்கும் பழகிய அதே வேர்கள். காலம் சுமார் 4ஆம் நூற்றாண்டு என்று அவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

அது இயேசுதான் என்றால், ஐனைத் தலையில் வைத்த பெயர் மக்காவில் புதிதாக முளைத்தது அல்ல, அரபு பேசிய மேய்ப்பர்கள் 200 ஆண்டுக்கு முன்பே அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாகிறது. இல்லை, அது நமக்குத் தெரியாத வேறொரு தெய்வம் என்று வாதிடவும் இடமிருக்கிறது; ஜோர்தானுக்கும் மக்காவுக்கும் தூரமும் அதிகம். மேய்ப்பர் மூன்று மெய்களைக் கீறிவிட்டுப் போய்விட்டார். உயிரெழுத்துகளைப் போட்டிருந்தால் வேலை மிச்சமாகியிருக்கும்.